கிராம சபைத் தீர்மானம் போட்டால் குவாரி நின்றுவிடுமா?

அரூர் வட்டத்தில் மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் மலையாளிப் பழங்குடியினர். ஊருக்கு மேற்கே உள்ள கரட்டில் கல் குவாரிக்காக அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கரட்டு உச்சியில் எங்கள் சாமிக்கல் இருக்கிறது. அடிவாரத்தில் முன்னோர்களை அடக்கம் செய்த இடம் இருக்கிறது. ஒடிசாவில் நியம்கிரி மக்கள் கிராம சபையில் வேண்டாம் என்று சொல்லி வேதாந்தா கம்பெனியையே திருப்பி அனுப்பினார்கள். நாங்களும் தீர்மானம் போட்டால் குவாரி நின்றுவிடுமா?" தீர்மானத்தைப் பற்றித்தான் கேட்கிறார். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய மலையில் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டா, உண்டென்றால் எந்தச் சட்டத்தில்? தருமபுரி மாவட்டத்தில் நில வழக்குகளையும் வன உரிமை மனுக்களையும் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில் இந்த இரண்டாவது கேள்விக்கே பதில் சொல்கிறேன். இடம் உண்டு. வன உரிமைச் சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டிய உரிமைக் கோரிக்கையில் அது இருக்கிறது. கோரிக்கை எதுவும் கொடுக்காமல் வெறும் தீர்மானம் போட்டு அனுப்பினால், அந்தத் தாளுக்கு யாரும் பதில் சொல்லக்கூட வேண்டியதில்லை.

நியம்கிரியில் நடந்ததை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒடிசாவின் ராயகடா, காளஹாண்டி மாவட்டங்களில் உள்ள அந்த மலைத்தொடரில் டோங்கிரியா கோந்த் மக்கள் வாழ்கிறார்கள். மலையை ஆள்பவர் நியம்ராஜா என்ற தெய்வம் என்பது அவர்கள் நம்பிக்கை. மலை உச்சியில் பாக்சைட் இருக்கிறது. அடிவாரத்தில் லாஞ்சிகட்டில் வேதாந்தாவின் அலுமினா ஆலை இருக்கிறது. 660 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட வனநிலத்தைச் சுரங்கத்துக்குக் கேட்டார்கள். 2008 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே அதற்கு வழிவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் வன உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போராட்டம் வேறு பாதையில் போனது. 2010இல் என்.சி. சக்சேனா தலைமையிலான குழு, அங்கே அந்தச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. அந்த ஆகஸ்டிலேயே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் இரண்டாம் கட்ட வன அனுமதியை மறுத்தார். மறுப்பை எதிர்த்து ஒடிசா சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு அந்த வழக்கில்தான்.

அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் சுரங்கத்தைத் தானாக ரத்து செய்யவில்லை. தனி உரிமை, சமூக உரிமை, பண்பாட்டு உரிமை, வழிபாட்டு உரிமை எல்லாவற்றையும் கிராம சபை முன் வைக்க வேண்டும், சுரங்கத்தால் அவர்களுடைய வழிபாடு பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபையே பார்க்க வேண்டும், அந்த முடிவைக் கருத்தில் கொண்டு அமைச்சகம் இறுதி முடிவு எடுக்க வேண்டும் என்றது. மத சுதந்திரம் தரும் அரசியல் சட்டத்தின் 25, 26ஆவது பிரிவுகள் பழங்குடியினரின் வழிபாட்டுக்கும் பொருந்தும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் பார்வையாளராக இருக்கச் சபைகள் நடக்க வேண்டும் என்றது. ஒடிசா அரசு 12 ஊர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தது. சுற்றியிருந்த மற்ற ஊர்க்காரர்களுக்கு அது பெரிய மனக்குறை. ஆனாலும் 2013 ஜூலை, ஆகஸ்டில் அந்த 12 ஊர்ச் சபைகளும் ஒன்றுவிடாமல் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் அமைச்சகம் அனுமதியை இறுதியாக மறுத்தது. சபைகளை மறுபடி கூட்ட வேண்டும் என்று ஒடிசா அரசு 2016இல் கேட்டபோது உச்ச நீதிமன்றம் அந்த மனுவை எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, அங்கே கிராம சபையின் சொல்லுக்கு எடை கொடுத்தது வன உரிமைச் சட்டம். அது வனநிலமாக இருந்ததும், உரிமைக் கோரிக்கை என்ற ஒன்று சட்டப்படி நிலுவையில் இருந்ததும் அந்த எடைக்குக் காரணம்.

இதோடு சேர்த்து இன்னொரு தீர்ப்பையும் பலர் அனுப்புகிறார்கள்: 1997இல் வந்த சமதா வழக்கு. ஆந்திராவின் பட்டியல் பகுதிகளில், அதாவது பழங்குடியினரின் பாதுகாப்புக்கென்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில், அரசு நிலத்தைக்கூடப் பழங்குடி அல்லாதவருக்குச் சுரங்கக் குத்தகை விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மிக உயர்ந்த தீர்ப்பு, ஆனால் நமக்கு உதவாது. அது அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பகுதிகளுக்கானது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி 7,94,697 பழங்குடியினர் இருக்கும் மாநிலத்தில், சித்தேரியோ சேர்வராயனோ கல்வராயனோ கொல்லிமலையோ எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் பகுதிகளின் கிராம சபைகளுக்கு 1996இல் தனி அதிகாரம் கொடுத்த பெசா சட்டமும் அதனால் நமக்குக் கிடையாது. இது பெரிய அநீதி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மனுவில் சமதாவையும் பெசாவையும் மட்டும் நம்பி எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அதனால் உங்கள் ஊரில் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, அந்தக் கரடு அரசுக் கணக்கில் என்னவாக இருக்கிறது என்பது. புல எண்ணைத் தெரிந்துகொண்டு வி.ஏ.ஓ.விடம் நிலத்தின் வகைப்பாடு எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டின் நகலும் புல வரைபடமும் கேளுங்கள். காப்புக்காடு என்று இருந்தால் ஒரு வழி, கல்லாங்குத்து அல்லது மலைப் புறம்போக்கு என்று இருந்தால் இன்னொரு வழி, யாருடைய பெயரிலாவது பட்டா இருந்தால் மூன்றாவது வழி. நிபந்தனைப் பட்டாவாக இருந்தால் அரசு அந்த நிலத்தைக் கொடுத்த ஒப்படை ஆணையைத் தேடி எடுத்து அதில் எழுதியிருக்கும் நிபந்தனையை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஊரில் எல்லோரும் "அது காடு" என்று சொல்லும் நிலம் கணக்கில் தரிசாக இருப்பதும், "எங்க பாட்டன் உழுதது" என்று சொல்லும் நிலம் காப்புக்காட்டு எல்லைக்குள் இருப்பதும் நம் மாவட்டத்தில் சாதாரணம். பட்டா நிலமாக இருந்தால் பட்டாதாரரின் சம்மதம் இல்லாமல் குத்தகை வராது. அந்தச் சம்மதக் கடிதத்தில் யார் கைநாட்டு வைத்தார், அவர் உயிரோடு இருக்கிறாரா, கூட்டுப் பட்டாவில் மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்களா என்று பாருங்கள்.

காப்புக்காடு என்று வந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006இல் நிறைவேறி 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் மூன்றாவது பிரிவு, குடியிருக்கவும் உழவும் உள்ள உரிமையோடு நிற்கவில்லை. சிறுவனப் பொருள், மேய்ச்சல், நீர்நிலை, வழிவழியாகக் காத்துவந்த சமூகக் காட்டைப் பாதுகாத்து நிர்வகிப்பது என்று நீள்கிறது. ஐந்தாவது பிரிவு, பண்பாட்டையும் இயற்கையையும் அழிக்கும் செயல்களிலிருந்து வாழிடத்தைக் காக்கக் கிராம சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. உங்கள் தீர்மானம் நிற்க வேண்டிய தரை இந்த இரண்டு பிரிவுகள்தான். தனிநபர் பட்டாவுக்கு 'ஏ' படிவம். சாமிக்கல், அடக்கம் செய்த இடம், மேய்ச்சல், நெல்லிக்காய், கடுக்காய், தேன், பாதை எல்லாவற்றுக்கும் 'பி' படிவம். காடு முழுவதன் நிர்வாகத்துக்கு 'சி' படிவம். நம் பக்கத்தில் எல்லோரும் 'ஏ' படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆளுக்கு ஓர் ஏக்கர் பட்டா கிடைத்தால் போதும் என்ற எண்ணம் இயல்பானது, வறுமை அப்படி. ஆனால் குவாரி வரும்போது காப்பது 'பி'யும் 'சி'யும்தான், ஏனென்றால் கரட்டு உச்சியில் யாரும் உழுவதில்லை.

நீங்கள் பழங்குடியினர் என்பதால் 75 ஆண்டு வாழ்ந்த ஆதாரம் காட்டத் தேவையில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். மூன்று தலைமுறை, 75 ஆண்டு என்ற நிபந்தனை பழங்குடி அல்லாத மற்ற வனவாசிகளுக்கு மட்டும். உங்களுக்குத் தேவை சாதிச் சான்றும், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டிலோ காட்டை நம்பியோ வாழ்ந்தீர்கள் என்பதும்தான். அலுவலகத்தில் யாராவது பழங்குடியிடமே 75 ஆண்டு ஆவணம் கேட்டால், எந்த விதிப்படி கேட்கிறார் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். இன்னொரு வாதமும் வரும்: மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று நீங்களே கதை சொல்கிறீர்களே, அப்புறம் எப்படி ஆதிக்குடி என்பார்கள். அந்தக் கதை சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் வழங்குவதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. எத்தனை நூற்றாண்டுக்கு முன் எங்கிருந்து வந்தீர்கள் என்று சட்டம் கேட்கவே இல்லை. ஒன்றாயிருந்த தருமபுரி மாவட்டத்தில் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரிக்கும் அது தொடர்கிறது. அந்த வாதத்துக்கு இந்த ஒரு பதில் போதும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கமுள்ள இருளர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் மிகவும் நலிந்த பழங்குடிப் பிரிவில் வருகின்றன. அதனால் மூன்றாவது பிரிவில் உள்ள வாழிட உரிமையை, அதாவது நீங்கள் புழங்கும் மொத்த நிலப்பரப்பின் மீதான உரிமையை, நீங்கள் கோரலாம். மலையாளிகளுக்கு அந்தக் கதவு இல்லை. டோங்கிரியா கோந்த்துகளும் மிகவும் நலிந்த பழங்குடிப் பிரிவைச் சேர்ந்தவர்களே.

ஆதாரம் என்றால் பத்திரம், ரசீது என்று பயந்துவிடாதீர்கள். வன உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் விதி 13 ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் மூத்தவர்களின் வாக்குமூலம் இருக்கிறது, புனித இடங்கள் இருக்கின்றன, புதைகாடு இருக்கிறது, கிழங்கும் கீரையும் எடுக்கும் இடம், வரப்பு, கல்கட்டு எல்லாம் இருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஆதாரம் சேர்ந்தால் போதும். வாக்குமூலம் தருபவர் கோரிக்கை கொடுப்பவராக இருக்கக் கூடாது, எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே எழுபது, எண்பது வயதான பெரியவர்களிடம் இந்த மாதமே உட்கார்ந்து எழுதுங்கள்: எந்த மாதத்தில் கரட்டுக்குப் பொங்கல் வைக்கப் போவார்கள், எந்த வழியாகப் போவார்கள், யார் பூசாரி, கடைசியாக யாரை எங்கே அடக்கம் செய்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் செல்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு படம் எடுங்கள். நடுகல், கற்திட்டை எதுவும் இருந்தால் தனியாகப் படமெடுத்துத் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். நடுகற்களுக்கும் கற்திட்டைகளுக்கும் பேர்போன மாவட்டங்கள் நம்முடையவை. கிருஷ்ணகிரி மல்லசந்திரத்தில் குன்றின் மேல் கற்திட்டைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இப்படிச் சேர்க்கும் ஆதாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஈக்குவடார் நாட்டின் சினாங்கோயே ஊர் ஒரு சான்று. அங்கே கோஃபான் பழங்குடியினர் தங்கள் ஊர்க் காவல் குழுவை வைத்து அகுவாரிக்கோ ஆற்றங்கரையில் தங்கம் தோண்டும் இயந்திரங்களைப் படமெடுத்து, இடம், தேதி குறித்து, கேமரா வைத்துப் பதிந்து நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். தங்களைக் கலந்தாலோசிக்காமல் 52 சுரங்க உரிமங்களைக் கொடுத்தும் பரிசீலித்தும் வந்ததாக வழக்கு. 2018இல் மாகாண நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. 2022இல் அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவர்கள் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு. அந்தத் தீர்ப்பை இங்கே மேற்கோளாகக் காட்டிப் பெரிய பயன் இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் தாங்களே தேதி போட்டுச் சேர்த்த பதிவு நீதிமன்றத்தில் எடுபட்டது என்பது நமக்கும் பொருந்தும்.

கோரிக்கை கொடுக்கும் முறையில் தவறினால் எல்லாம் வீண். ஊராட்சி முழுவதற்கும் கூடும் கிராம சபை வேறு, வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை வேறு. ஊராட்சியில் பழங்குடியினர் சிறுபான்மையாக இருந்தால் பெரிய சபையில் உங்கள் குரல் அமுங்கிவிடும். பழைய குடியிருப்புகளையும் அளக்கப்படாத ஊர்களையும் தனிக் கிராமமாக ஏற்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்கள் சிற்றூருக்கே தனிச் சபை கேளுங்கள். 2012 திருத்த விதிகளின்படி, பாதிக்குக் குறையாத உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். கோரிக்கைகளைச் சரிபார்க்கக் கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஜனவரி 26, மே 1 என்று காத்திருக்க வேண்டியதில்லை, எந்த நாளிலும் கூட்டலாம். கையெழுத்துப் பக்கத்தை யாரும் பிறகு சேர்க்க முடியாதபடி அன்றே எண்ணிக்கை எழுதி மூடி, வீடியோ எடுங்கள். கிராம சபையிலிருந்து கோரிக்கை கோட்டக் குழுவுக்கும், அங்கிருந்து மாவட்டக் குழுவுக்கும் போகும். கோட்டக் குழுவுக்கு ஆர்.டி.ஓ. அல்லது சார் ஆட்சியர் தலைவர். மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர், அவர் குழு எடுக்கும் முடிவே இறுதி. கோட்டக் குழு நிராகரித்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்குப் போகலாம். நிராகரிப்புக்குக் காரணம் எழுத்தில் வர வேண்டும். சாதாரணக் கல்லுக்குக் குவாரிக் குத்தகை தருவதும் அதே ஆட்சியர்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். எந்த ஓர் அதிகாரியையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே மேசையில் இரண்டு கோப்புகளும் இருக்கும்போது, உங்கள் கோப்பு முந்தி வந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முந்தி என்பதில் நாம் ஏற்கெனவே நிறைய இழந்தோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டாக்கள் வழங்கப்படாமல் நின்றன. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகே வேலை நகர்ந்தது. உங்கள் ஊர் இன்னும் கோரிக்கை கொடுக்கவில்லை என்றால் அது உங்கள் சோம்பல் மட்டும் இல்லை. ஆனால் இன்று தடை ஏதும் இல்லை.

கரடு காப்புக்காடு இல்லை, புறம்போக்கு என்று வந்தால்? இங்கேதான் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்துவிடுகின்றன. வன உரிமைச் சட்டம் வனநிலத்துக்கு மட்டும் பொருந்தும் என்பது உறுதி. ஆனால் வனநிலம் என்பதில் வகைப்படுத்தாத காடு, எல்லையிடாத காடு, காடாகக் கருதத்தக்க நிலம் எல்லாம் அடங்கும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அகராதிப்படி காடாக இருப்பதெல்லாம் காடு என்றது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி இந்த வரையறையைச் சுருக்கினார்கள். 2024 பிப்ரவரி 19 அன்று, வழக்கு முடியும்வரை கோதவர்மன் வரையறையே தொடர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. எனவே அடர்ந்த மரங்களோடு இருக்கும் கரட்டைக் காடு என்று வாதிட இடமுண்டு. வெறும் பாறையும் கள்ளியுமாக இருந்தால் அந்த வாதம் நிற்பது கடினம். அப்போது வேறு இரண்டு வழிகளைப் பார்க்க வேண்டும். வழிபாடும் அடக்கமும் நெடுங்கால வழக்கம் என்று சொல்லி, ஊர் முழுவதன் சார்பில் உரிமையியல் நீதிமன்றத்தில் பிரதிநிதித்துவ வழக்குப் போடலாம். இன்னொன்று கனிம விதிகளும் சுற்றுச்சூழல் அனுமதியும்.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959இல் 36ஆவது விதி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை கூடாது என்கிறது. குடியிருப்பு என்றால் வருவாய்க் கணக்கில் அப்படிப் பதிந்த இடம் அல்லது உள்ளாட்சி, நகரமைப்புத் துறை அங்கீகரித்த மனை. நம் மக்களின் வீடுகள் பல, கணக்கில் நத்தமாக, அதாவது குடியிருப்பு நிலமாக, ஏறாதவை. நாற்பது வீடு கண்ணெதிரே நின்றாலும், கணக்கில் இல்லாததால் 'குடியிருப்பு இல்லை' என்று சான்று எழுதப்பட வாய்ப்பிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அந்த 300 மீட்டர் சான்றின் நகலை வாங்குங்கள். கூடவே மின் இணைப்பு ரசீது, வீட்டு வரி, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், பள்ளிக்கூடப் பதிவு என்று அந்தச் சான்றுக்கு எதிராகச் சேருங்கள். மனைப்பட்டாவுக்கும் இப்போதே மனுக் கொடுங்கள்.

ஒரு கிலோமீட்டர் விதியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2021 நவம்பரில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு இவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி வந்தது. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். அரூர் பக்கத்துக்கு இது பெரிய அடி. பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இருப்பதால் அங்கே ஒரு கிலோமீட்டர் தடை இன்னும் உண்டு. உச்ச நீதிமன்றமும் 2023 ஏப்ரலில் சரணாலய எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்பதை மீண்டும் உறுதிசெய்தது.

சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் எவ்வளவு சிறிய குவாரியும் நடக்கக் கூடாது. 2012இல் தீபக் குமார் வழக்குத் தீர்ப்பு வந்ததிலிருந்து இதுவே நிலை. அக்கம்பக்கக் குவாரிகளோடு சேர்ந்த மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் உண்டு, 30 நாள் முன்னறிவிப்போடு. அந்தக் கூட்டத்தில் கூச்சல் போட்டுக் கலைத்துவிடுவது நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து. பெயர், ஊர், ஆட்சேபம் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பெண்கள் பேசட்டும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த ஓடை கரட்டிலிருந்து இறங்குகிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பதாரர் கொடுத்த அறிக்கையைத் தேடிப் பாருங்கள். கோயில் இல்லை, ஓடை இல்லை, பழங்குடிக் குடியிருப்பு இல்லை என்று எழுதியிருந்தால் உங்கள் படங்கள் அப்போது பேசும். தெரிந்தே உண்மையை மறைத்திருந்தால் கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருக்கிறது. அனுமதி வந்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். 90 தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். வன உரிமைச் சட்டம் அந்தத் தீர்ப்பாயத்தின் அட்டவணையில் இல்லாததால், உரிமைக் கோரிக்கையை மதிக்கவில்லை என்ற குறைக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி.

எனக்கே உறுதியில்லாத ஓர் இடமும் உண்டு. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அதைக் காட்டிக் குவாரிக்குத் தடை வாங்க முடியுமா? கோரிக்கை விசாரித்து முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று நான்காவது பிரிவு சொல்கிறது. வனநிலத்தை மாற்றுவதற்கு முன் கிராம சபை ஒப்புதல் வேண்டும் என்று 2009இல் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் 2022இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள் அந்த வேலையை மாநில அரசிடம் தள்ளி, மத்திய அரசு இறுதி ஒப்புதல் தந்த பிறகுகூடச் செய்துகொள்ளலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. விதி சட்டத்தை மீற முடியாது என்பது நம் பக்க வாதம், வலுவான வாதம். எந்த நீதிபதி எப்படி எடுத்துக்கொள்வார் என்று இன்று எவரும் உறுதி சொல்ல முடியாது. உறுதி சொல்லி பீஸ் கேட்பவரை நம்பாதீர்கள்.

மதுரை மாவட்டம் மேலூர் அரிட்டாபட்டியை உதாரணம் காட்டி, அங்கே தீர்மானத்தாலேயே டங்ஸ்டன் சுரங்கம் நின்றதே என்றும் கேட்பீர்கள். நின்றது. 2024 டிசம்பரில் சட்டமன்றமே தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அது பல ஊர்கள் திரண்டதால் கிடைத்த அரசியல் வெற்றி, நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. மாநிலமே திரும்பிப் பார்க்கும் கூட்டம் ஐம்பது வீட்டுச் சிற்றூருக்குக் கிடைப்பது அரிது. கூட்டம் சேர்ந்தால் நல்லது, அதை நம்பிக் கோரிக்கையை ஒத்திவைக்காதீர்கள்.

நம் பக்கத்தில் நினைக்க வேண்டிய வழக்கு வாச்சாத்தி. சுரங்க வழக்கு அல்ல, ஆனால் உங்கள் மலையடிவாரத்து உங்கள் மக்களின் வழக்கு. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைச் சோதனை என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்து செய்த கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29 அன்று உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. முப்பத்தொரு ஆண்டுகள். அந்தப் பெண்கள் ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை, மலைவாழ் மக்கள் சங்கம் கூடவே நின்றது. எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் அதிகாரி ஆரம்பத்திலேயே நேரில் வந்து எழுதிய அறிக்கை, சம்பவமே நடக்கவில்லை என்று சொன்னவர்களின் வாயை அடைத்தது. நடந்ததை நடந்தபோதே எழுதிப் பதிந்துவைப்பது எத்தனை ஆண்டு கழித்தும் கைகொடுக்கும் என்று அரூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

லாரியை மறிக்கும் எண்ணம் இருந்தால் ஒரு வேண்டுகோள். படிக்கும் பிள்ளைகளை முன்னால் நிறுத்தாதீர்கள். எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறினால் போலீஸ் வேலைக்கோ வனக்காவலர் வேலைக்கோ போகும்போது சான்றில் சிக்கும். மறுபக்கம் யாராவது உங்களை மிரட்டி நிலத்தையோ காட்டு உரிமையையோ அனுபவிக்க விடாமல் தடுத்தால், 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். காட்டு உரிமை என்ற சொல்லே அந்தப் பிரிவில் இருக்கிறது. புகாரில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

குத்தகை கேட்பவர் பெரும்பாலும் செய்வது இது: தன் விண்ணப்பத்தைக் குறித்த வாரங்களுக்குள் முடிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் போடுவார். அதில் நீங்கள் கட்சிக்காரர் இல்லை, உத்தரவு வந்த பிறகே ஊருக்குத் தெரியும். ஆகவே கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் இப்போதே பதிவுத் தபாலில் ஆட்சேபம் அனுப்பி, எங்களைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள். ரிட் போட்டது தெரிந்தால் உங்களையும் சேர்க்கச் சொல்லி மனுப் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பழங்குடியினர் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. அரூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் சாதிச் சான்று நகலோடு மனுக் கொடுங்கள். போகும்போது 'அ' பதிவேட்டு நகல், புல வரைபடம், பெரியவர்களின் வாக்குமூலம், 300 மீட்டர் சான்றுக்குப் போட்ட தகவல் உரிமை மனுவின் ஒப்புகை இந்த நான்கையும் கொண்டுபோங்கள். புல எண்ணும் 'அ' பதிவேட்டில் உள்ள வகைப்பாடும் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், ஆட்சேப மனு எந்த அடிப்படையில் அமைய வேண்டும் என்று சொல்கிறேன்.